அரச வாழ்த்துப் பாடலும் மூடிக்கிடந்த நான்கு மைக்குகளும்

ஒலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, மைக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது, எந்த வயரை எங்கே சொருகுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் சொல்லப்போவது, ஓய்வெடுத்த பிறகும் என்னைக் கொதிக்க வைக்கிற ஒரு விஷயம். அந்தக் கோபத்தில் பாதி இன்னொருவன் மேல். மற்றப் பாதி என் மேல். எது பெரிய பாதி என்று நீங்களே பாருங்கள்.

கனடாவில், ரொறன்ரோ நகரத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட மிக்ஸருக்குப் பின்னால் நின்றவன் நான். எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் தொடங்கி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அரச விழாக்களில் வந்து நின்றேன். அரச விழா என்றால் உங்களுக்குத் தெரியும். சிவப்புச் சட்டை போட்ட பாண்ட் அணிவகுத்து வரும். எக்காளம் ஊதுவார்கள். பிரித்தானியாவின் பழைய படையணி இசை ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் எல்லோரும் எழும்பி நிற்க அரச வாழ்த்துப் பாடல்.

அந்த இசையில் எனக்குப் பக்தி கிடையாது. குடியுரிமை எடுத்த அன்று, கையை உயர்த்தி, அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று நானும் சத்தியம் செய்தேன்தான். பத்திரம் வேண்டியிருந்தது, செய்தேன். ஆனால் வேலை வேலைதான். கலியாண வீட்டில் மைக் கத்தினால் சனம் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகும். அரச விழாவில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் அங்கே ஒரு பிழை நடந்தால் அதைத் தலையில் கட்ட ஒரு ஆள் தேவைப்படும்.

இதை நான் முதலில் கண்டது, அரச குடும்பத்தில் ஒருவர் வந்திருந்த ஒரு மத்தியானம். அவருடைய கால் கம்பளத்தில் பட்டதும் எக்காளம் தொடங்க வேண்டும். காரின் கதவு திறந்ததைக் கண்டவுடனேயே நான் அவசரப்பட்டு எக்காளக்காரருக்கான பச்சை லைட்டைப் போட்டுவிட்டேன். அவர்கள் ஊதினார்கள். விருந்தாளி காருக்குள்ளேயே இருந்து கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார். ஊதி முடிந்த பிறகு, ஒரு சத்தமும் இல்லாத சதுக்கத்தில், அவர் தனியே இறங்கி நடந்தார். விழாப் பொறுப்பாளர்கள் சிவந்த முகத்தோடு எங்களிடம் வந்தார்கள். மேடையை நடத்திய பெண், என் வயதுதான் இருக்கும், நான் வாயைத் திறக்க முதல் சொன்னார்: "சைகை கொடுத்தது நான். பிழை என்னுடையது." அவர் கொடுக்கவே இல்லை. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, "இனிமேல் காலைப் பார், கதவைப் பார்க்காதே" என்று மட்டும் சொன்னார்.

அப்படியும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள். அடுத்ததாக நான் சொல்லப்போவது அப்படி இல்லாத ஒரு ஆளைப் பற்றி.

புது மன்னர் முடிசூடிய நேரம். எங்கள் கொம்பனிக்கு ஒரு கொண்டாட்டத்தின் ஒலி வேலை வந்தது. ஏரிக்கரைக்குக் கிட்ட ஒரு திறந்த சதுக்கம், ரீவியில் நேரடி ஒளிபரப்பு. ஒழுங்கு செய்த அலுவலகம், இந்த முறை நகரத்தின் எல்லாச் சமூகமும் தெரிய வேண்டும் என்று சொல்லி, அரச வாழ்த்தைப் பாட, எங்கள் சனம் நிறைய இருக்கிற மல்வேர்ன் பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்கள் பாடகர் குழுவைக் கூப்பிட்டிருந்தது. எங்கள் மனேஜர் ரிஷி, அவனும் தமிழன்தான், மூன்று வயதில் இங்கே வந்தவன். என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவான்.

மைக் எத்தனை வேண்டும் என்று பார்க்க அந்தக் குழுவின் பயிற்சிக்கு நான் போனேன். ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார்கள்: ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், மூன்று பேர் பொதியிடும் தொழிற்சாலை, மற்றவர்கள் பராமரிப்பு வேலை. நடத்தியவர் ஜெசிந்தா. ஐம்பதைத் தாண்டியவர். அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிட்டு வந்து, பின்னேரம் இவர்களுக்கு மேற்குரல் கீழ்க்குரல் என்று நாலு குரலில் சேர்ந்து பாடப் பழக்குகிற மனிசி.

நான் போன நேரம் அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பஸ் ஓட்டுகிற தேவி அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இலங்கையிலை எங்களை அந்தரத்திலை விட்டிட்டுக் கப்பலேறிப் போனவையின்ரை முடிசூட்டுக்கு நான் ஏன் வாழ்த்துப் பாடவேணும், ஜெசிந்தா? சொல்லும் பாப்பம்."

ஜெசிந்தா கோபப்படவில்லை. "அவைக்காகப் பாடேல்லை, அக்கா. இந்த ஊரிலை எங்களைக் கட்டில் துடைக்கிற ஆக்களாத்தான் தெரியும். நாலு குரலிலை, சுருதி விலகாமல் பாடுற ஆக்களாயும் ஒருக்காத் தெரியட்டும். அவ்வளவுதான்."

தேவி அக்கா பையைக் கதிரைக்குக் கீழே தள்ளினார். பிறகு எழும்பிக் கீழ்க்குரல் வரிசையில் போய் நின்றார்.

பாடினார்கள். நான் நிறையப் பாடகர் குழுக்களைக் கேட்டவன். மேற்குரல் ஏறும்போது கீழ்க்குரல் தளராமல் பிடித்து நிற்கிறது அவ்வளவு சுலபம் இல்லை. பிடித்தார்கள். சொல்லும் சரியாக இருந்தது. அந்தப் பாட்டில், ஆட்சியில் இருப்பவர் பெண்ணென்றால் 'குயீன்', ஆணென்றால் 'கிங்' என்று ஒரு சொல் மாறும். எழுபது வருடம் பெண்ணுக்குப் பாடிப் பழகிய நாடு இது, பெரிய பெரிய பாடகர்களே அந்த நாட்களில் நாக்குத் தடுமாறினார்கள். அதற்காகவே ஜெசிந்தா ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அந்த ஒரு சொல்லில் நின்று பயிற்சி கொடுத்திருந்தார். பின்னணி இசையை ஒரு யூஎஸ்பியில் போட்டு என் கையில் தந்தார். வெறும் வாத்தியம், குரல் இல்லாதது.

"நாலு மைக் போதும்," என்றேன். "உங்கட குரல் நல்லாப் போகும்."

அந்த வாக்கை நான்தான் கொடுத்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நாள் காலை. மேடை எல்லாம் தயார். ரிஷி ஹெட்செட்டோடு என் மேசைக்கு வந்தான். கையில் வேறொரு யூஎஸ்பி.

"அங்கிள், அரச வாழ்த்துக்கு இதைப் போடுங்கோ. ப்ரொஃபெஷனல் கொயர் பாடினது. ஃபுல் வொய்ஸோட இருக்கு."

"அப்ப அவையின்ரை மைக்?"

"மூடி வையுங்கோ. அவை பாடட்டும், பரவாயில்லை. வெளியில இது போகும்."

"அவைக்குத் தெரியுமோ?"

"அங்கிள், ப்ளீஸ். ரீவியில லைவ் போகுது. அன்ரிமாரின்ட அக்சென்ட்டோட அது போனா நாளைக்கு எல்லாரும் எங்களைப் பாத்துச் சிரிப்பாங்கள். நான் அவையைக் காப்பாத்துறன், விளங்குதோ?"

விளங்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது, மேடைக்கு நடந்து போய், "தங்கச்சி, உங்கட மைக்கை மூடச் சொல்லிப்போட்டான்" என்று ஜெசிந்தாவிடம் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். முப்பது அடி தூரம்கூட இல்லை. நான் சொன்னது, "சரி."

இரண்டாவது பிழையும் அப்போதுதான் நடந்தது. அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். முரசு உருண்டது, பித்தளை வாத்தியம் எழும்பியது, சத்த அளவைச் சரிசெய்தேன். குரல் தொடங்க முதல், பாண்ட் தங்கள் ஒத்திகைக்கு வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். எந்தப் பதிவையும் முடிவு வரை கேட்காமல் விழாவில் போடாதீர்கள் என்று எத்தனை பேருக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு நானே கேட்கவில்லை.

விழா தொடங்கியது. அணிவகுப்பு இசை போனது, எக்காளம் போனது, பேச்சுகள் போயின. பெண்கள் மேடைக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே நீலத்தில் சேலை. காற்று முந்தானையை இழுத்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சதுக்கம் எழும்பி நின்றது. ஜெசிந்தா கையை உயர்த்தினார். நான் பதிவைத் தட்டினேன்.

முதல் வரியிலேயே ஸ்பீக்கரில் வந்தது 'குயீன்'.

ரிஷி கொண்டுவந்தது பழைய பதிவு. அவனும் கேட்டிருக்கவில்லை.

ரிஷியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. "விடுங்கோ, விடுங்கோ," என்றான், "ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்." இரண்டாவது வரி. திரும்பவும் அதே சொல். முன்வரிசையில் தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. மேடையில் பெண்கள் 'கிங்' என்றுதான் பாடினார்கள். வாயசைவு எனக்குத் தெரிந்தது. ஆனால் சதுக்கம் முழுக்க, ரீவி முழுக்க, அவர்களுடைய முகத்தின் மேல் அந்தப் பழைய சொல் போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா பாதி திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பார்வை. கைகள் நிற்கவில்லை.

மூன்றாவது தடவை அந்தச் சொல் வந்ததும் பதிவை இழுத்து மூடினேன். நான்கு மைக்கையும் திறந்தேன். ரிஷி என் தோளைப் பிடித்தான், நான் உதறினேன்.

ஒரு கணம் சதுக்கத்தில் காற்றுச் சத்தம் மட்டும்தான். வாத்தியம் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தக் குழுவும் உடைந்து போகிற இடம் அது. அவர்கள் உடையவில்லை. அடுத்த வரியை இருபத்திரண்டு பேரும் வெறும் குரலில் பிடித்தார்கள். சுருதி இம்மியும் நகரவில்லை. கடைசியில் அந்தச் சொல் வந்தது. சரியான சொல், நாலு குரலில். முடிந்தது. கைதட்டு குழப்பமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது.

நெருக்கடியில் சரியாகத்தானே முடிவெடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த இருபது விநாடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களைக் கேளுங்கள்.

அன்று பின்னேரமே அந்த வீடியோத் துண்டு எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது. சேலை கட்டிய பெண்களின் முகம், பின்னால் 'குயீன்'. "மல்வேர்ன் அன்ரிமாருக்கு ராணி இன்னும் உயிரோடை இருக்கிறா" என்று யாரோ எழுதி விட்டிருந்தார்கள். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு எங்கள் சனம்தான். வெள்ளைக்காரன் சிரித்ததைவிட நாங்கள் கூடச் சிரித்தோம். ஒரு தமிழ் வானொலியில் நேயர்களைக் கூப்பிட்டு அதைப் பற்றிப் பேச வைத்தார்கள்.

விழா நடத்திய அலுவலகம் விளக்கம் கேட்டது. ரிஷி எழுதிய பதிலை எனக்கும் காட்டினான். பாடகர் குழு தந்த இசைப் பதிவில் பழைய சொல் இருந்தது, எமது ஒலியாளர் உடனடியாகத் திருத்தினார், வருந்துகிறோம். இதுதான் அதன் சாரம்.

"இது பொய்," என்றேன்.

"அங்கிள், அடுத்த கொன்ட்ராக்ட் இதில தொங்குது. எட்டுப் பேரின்ட வேலை. நீங்களும் இன்னும் கொஞ்ச நாளில றிட்டயர் ஆகிறீங்கள். அன்ரிமார் வொலன்ரியர்ஸ்தானே, அவைக்கு என்ன நட்டம்? ரெண்டு கிழமையில சனம் மறந்திடும்." பிறகு சொன்னான், "அண்டைக்கு மிக்ஸர் ரெக்கோட் பண்ணினதை அழிச்சு விடுங்கோ."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும். ஸ்பீக்கருக்குப் போகிற வழியை மூடினாலும் உள்ளே பதிவு நடந்துகொண்டே இருக்கும். அதாவது, அந்தப் பெண்கள் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பாடியது முழுக்க என்னிடம் இருந்தது.

நான் அழிக்கவில்லை. வெளியே கொடுக்கவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். எட்டுப் பேரின் வேலை, ரிஷி சின்னப் பெடியன், சனம் மறந்துவிடும் என்று காரணம் அடுக்கினேன். உண்மையான காரணம், நான் மைக்கை மூடினது வெளியே தெரிந்துவிடும் என்பது.

ஒன்பதாவது நாள் ஜெசிந்தாவே எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான். நீங்கள் அந்த நேரம் பதிவை நிப்பாட்டி எங்கட குரலை விட்டிராட்டி முழுக்க நாறியிருக்கும்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிழை என்னிலைதான் அண்ணை. ராகம் பழக்க முதல் முதல் ஒரு பழைய பதிவுதான் பாவிச்சனாங்கள். யூஎஸ்பியிலை நான் அதை மாறிப் போட்டிட்டன் போலை. எத்தினை தரம் பாத்துப் பாத்துப் போட்டனான், என்னண்டு மாறினது எண்டுதான் விளங்கேல்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிப்போட்டன்."

செய்யாத பிழைக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். தன் கண்ணையும் தன் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, என்னிடம் நன்றி சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை தங்கச்சி, நடக்கிறதுதான்."

அதை எழுதும்போது இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

அதற்குப் பிறகும் பத்து நாள் எடுத்தேன். பத்து நாள்! அதற்குள் ஜெசிந்தா வேலை செய்த முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளர் அந்தத் துண்டை எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருந்தார். ஒரு பெண்ணின் பிள்ளைகள், இனிப் பாடப் போகாதே அம்மா, பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குக் கடையில், பஸ்ஸில், ஊர்ப்பேச்சாகக் காதில் விழுந்தது. பத்தொன்பதாவது நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், லாப்டொப்பையும் இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு மல்வேர்னுக்குப் போனேன்.

கீழ்மண்டபத்தில் பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் என்னைக் காப்பாற்றிப் பேசிவிடுவேன் என்று பயம். போட்டுவிட்டேன்.

அவர்களுடைய குரல் வந்தது. முதல் வரியிலேயே 'கிங்'. இரண்டாவது வரியில் 'கிங்'. பின்னணியில் தூரத்தில், ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்தப் பதிவின் 'குயீன்' மெல்லிதாகக் கேட்டது. ஒரு பெண் வாயைப் பொத்தினார். தேவி அக்காதான் முதலில் கேட்டார்: "அப்ப நாங்கள் சரியாத்தான் பாடியிருக்கிறம். பிறகேன் வெளியிலை கேக்கேல்லை?"

சொன்னேன். எல்லாவற்றையும். யார் பதிவைக் கொண்டுவந்தது, யார் மூடச் சொன்னது, யார் மூடியது.

ஜெசிந்தா எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"உது எத்தினை நாளா உங்களிட்டை இருக்கு?"

"பத்தொன்பது நாள்."

"நான் போன் எடுக்கேக்கை?"

"இருந்தது."

"கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். நான் என்ரை தலையிலை மண் அள்ளிப் போடுறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்." குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் உங்களுக்கு ஒரு நன்றி சொன்னன் அண்ணை. அதைத் திருப்பித் தாங்கோ."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "உங்கட மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யுறது? எழுதித் தாங்கோ. பேர் போட்டு, கையெழுத்து வைச்சு."

தேவி அக்கா பையிலிருந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அவர்கள் சுற்றி நிற்க, அங்கேயே எழுதினேன். திங்கட்கிழமை அந்தக் கடிதமும் பதிவும் விழா நடத்திய அலுவலகத்துக்குப் போயின. ரிஷி என்னைக் கூப்பிட்டு, "எங்கட ஆக்களை நீங்களே விழுத்திப்போட்டீங்கள் அங்கிள்" என்றான். எங்கட ஆட்கள் என்று அவன் சொன்னது தன்னையும் கொம்பனியையும். அந்தப் பெண்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அடுத்த வேலைப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் ஓய்வு அப்படித்தான் வந்தது. பூமாலை, பிரியாவிடை ஒன்றும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ரிஷி இன்றும் அங்கேதான் இருக்கிறான். அடுத்த கொன்ட்ராக்ட்டும் அவனுக்குத்தான் கிடைத்தது.

பிள்ளைகளே, உங்கள் மேசையில் ஒரு மைக் மூடியிருந்தால், அதற்கு முன்னால் நின்று பாடுகிற ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அரச விழாவோ கோவில் திருவிழாவோ, ரீவியோ மண்டபமோ, இதற்கு விலக்குக் கிடையாது. மூடச் சொல்பவன் எப்போதும் நல்ல காரணத்தோடுதான் வருவான். அதுவும் உங்களுடைய பாஷையிலேயே, உங்களை உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவான். அப்போது அந்த முப்பது அடியை நடந்துவிடுங்கள். பிழை நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளினால் இரண்டாவது நாள் இன்னும் கஷ்டம். பத்தொன்பதாவது நாள் நீங்கள் சொல்கிற உண்மைக்கு ஒருவரும் உங்களைக் கும்பிடத் தேவையில்லை.

அலுவலகத்திலிருந்து குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'தொழில்நுட்பக் குழப்பம்' காரணமாகத் தவறு நேர்ந்தது, குழுவில் பிழை இல்லை, நன்றி. மூன்று வரி. அந்தத் துண்டைப் பரப்பியவர்களில் ஒருவர்கூட அந்த மூன்று வரியைப் பரப்பவில்லை. வானொலியும் அதற்கு நேயர்களைக் கூப்பிடவில்லை. பாட வராமல் நின்ற ஒன்பது பேரும் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் வேறொரு அரச விழாவுக்கு அதே அலுவலகம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டது. தேவி அக்காவை ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் கண்டபோது அவர்தான் சொன்னார். ஜெசிந்தா அனுப்பிய பதில் ஒரே வசனமாம்: "நீங்கள் எங்களுக்கு அனுப்பின மூன்று வரியை மேடையில், மைக்கில், ரீவியில் வாசியுங்கோ, அதுக்குப் பிறகு பாடுறம்."

இந்த வருடமும் கூப்பிட்டார்களாம். அதே பதில்தான் போயிருக்கிறது. இன்னும் ஒருவரும் வாசிக்கவில்லை.